கிருதாக்காரருக்குப் பெண் பார்த்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டும், ஊருக்குப் போட்ட இன்லண்டு லெட்டரும்தான். ஞாபகமும் முன்னே பின்னே இருக்கிறது. எது எந்த வருஷம் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். எழுபதுகளில் ஆரம்பித்து எண்பதுகளில் முடிந்தது என்ற மட்டில் நிச்சயம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு மிலிட்டரிக் கணக்கு ஆபீசில் வேலை. மாற்றலாகிப் பூனாவுக்கு வந்தோம். கிர்க்கியில் ஒரு மாடிக் குடித்தனம். நான், அவர், என் மாமியார், மூன்றே பேர். சாமான்களோடு மாமியாரின் கொலுப் பெட்டியும் கும்பகோணத்திலிருந்து கூட்ஸ் வண்டியில் வந்தது. திறந்து பார்த்தால் மண் பொம்மைகள் எல்லாம் திரும்பவும் மண்ணாகிவிட்டிருந்தன. தசாவதாரத்தில் ஆமையும் பன்றியும்தான் மிச்சம். மரப்பாச்சிகள் மரம் என்பதால் பிழைத்தன.

மாமியாருக்கு ஒரு சட்டம் உண்டு. கொலுவில் வருஷத்துக்கு ஒன்றாவது புதிதாக ஏற வேண்டும். பூனாவில் கொலு பொம்மைக்கு எங்கே போவது? பிள்ளையார் மட்டும் தெருவுக்குத் தெரு விற்பார்கள். அவரை வாங்கலாம் என்றால், "கரைக்கிறதுக்குன்னு பண்ணினதைப் பிடிச்சு உட்கார வெச்சா அவருக்கே கோபம் வரும்" என்று மாமியார் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஸ்டவ்வுக்குப் பழைய பர்னர் தேடி என் கணவர் ஜூனா பஜாருக்குப் போனார். பூனாவில் யார் வீட்டில் எது வேண்டாமென்று போட்டாலும் அது கடைசியில் அங்கேதான் வந்து சேரும். பர்னர் கிடைக்கவில்லை. கக்கத்தில் ஒரு படத்தை இடுக்கிக்கொண்டு வந்தார்.

"என்னடா இது?" என்றார் மாமியார்.

"புதுசா ஒண்ணு வேணும்னியேம்மா."

"இது ரொம்பப் பழசுன்னா இருக்கு."

"நமக்குப் புதுசுதானே?"

கறுப்புச் சட்டம் போட்ட படம். அதில் ஒரு வெள்ளைக்காரர். இரண்டு பக்கமும் கிருதா காதிலிருந்து இறங்கி, தாடை வரைக்கும் புதராக மண்டியிருந்தது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு புத்தகத்தைத் திறந்து போட்டுவிட்டு, நம் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நூறு வருஷத்துக்கு முந்தின கவிஞராக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். பெயர் தெரியவில்லை. படத்துக்குக் கீழே அச்சடித்திருந்த பெயரை, சட்டத்துக்குள் நுழைப்பதற்காக யாரோ கத்தரித்துவிட்டிருந்தார்கள்.

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் முகமே இல்லை, வெறும் கோடுதான். மயிரிழை மாதிரி கோடுகள், ஒன்றோடொன்று பட்டும் படாமலும் வளைந்து வளைந்து போயின. கன்னத்தில் மட்டும் கோலத்துக்கு வைக்கிற மாதிரி குட்டிக் குட்டிப் புள்ளி. இரண்டடி தள்ளி வந்தால் மறுபடியும் மனுஷர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் போய்ப் போய் வந்ததைப் பார்த்து என் கணவர், "கோவில் பிரதட்சிணம் மாதிரி பண்றியே" என்று சிரித்தார்.

ஆமைக்கும் பன்றிக்கும் நடுவில் கிருதாக்காரர் ஏறினார். வெள்ளிக்கிழமை சாமி படங்களுக்குப் பொட்டு வைக்கிறபோது அவர் கண்ணாடிக்கும் ஒன்று வைத்தேன். கீழ்வீட்டு மராத்திப் பெண்கள் குங்குமத்துக்கு வந்தார்கள். பொட்டு வைத்த படத்தைப் பார்த்ததும் வரிசையாக விழுந்து கும்பிட்டுவிட்டு, மாமியாரிடம் ஹிந்தியில், "உங்கள் வீட்டுக்காரரா? நல்ல களை" என்றார்கள். மாமியாருக்கு ஹிந்தி புரியாது. தலையை நன்றாக ஆட்டினார். அப்புறம் நான் அர்த்தம் சொன்னதும் படத்துக்கு முன்னால் போய் நின்று கிருதாவை முறைத்தார். "உங்க மாமனார் தினம் க்ஷவரம் பண்ணிக்கறவர்டீ" என்றார் கடைசியில்.

அதோடு நின்றிருக்கலாம். எனக்குத்தான் ஆசை பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷத்திலிருந்து நானும் ஜூனா பஜாருக்குக் கிளம்பினேன். உடைந்த கடிகாரங்களுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி வைத்திருப்பார் ஒரு கிழவர். பழைய இங்கிலீஷ் புத்தகங்களிலிருந்து பிரிந்து வந்த படங்கள் அதில் குவியலாகக் கிடக்கும். கவிஞர்கள், கதை எழுதினவர்கள், கதையில் வருகிற காட்சிகள். எனக்குக் கடைக்காரரிடம் வாய் திறக்கக் கூச்சம். வேண்டும் என்றால் என் கணவரின் சட்டைக் கையை இழுப்பேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். தகட்டில் கீறி மை தடவி அழுத்தி எடுத்த படமானால், தகட்டின் விளிம்பு காகிதத்தில் லேசாகப் பள்ளமாகப் பதிந்திருக்கும். காலண்டர் படத்தில் அது இராது.

இப்படி வருஷத்துக்கு ஒன்றாகப் படி நிரம்பியது. நாற்காலியில் மாட்டிக்கொண்ட குண்டு மனிதரை இரண்டு பெண்கள் பிடித்து இழுக்கிற காட்சி. ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு கிழவர்கள். நீள அங்கி போட்ட வழுக்கைத் தலையர் ஒருவர். மழைக்காலத்தில் இவர்கள் முகத்திலெல்லாம் பழுப்புப் புள்ளி கிளம்பும். "அம்மை போட்டிருக்குடீ" என்று மாமியார் சட்டத்துக்குப் பின்னால் வேப்பிலை செருகிவிடுவார். புள்ளி போகாது. ஆனால் பூச்சி வராது.

எத்தனை பேர் வந்தாலும் எனக்குக் கிருதாக்காரர்தான். கொலு எடுத்த பிறகும் அவரை மட்டும் பரணில் போடாமல், அடுக்களைக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவைப்பேன். எனக்கு ஹிந்தி தட்டுத்தடுமாறி வரும், மராத்தி பாதி புரியும், வெளியே போனால் வாய் ஒட்டிக்கொள்ளும். பூனாவிலேயே ஹிந்தி பேசாமல் நான் பேசக்கூடிய வெளி மனுஷர் அவர் ஒருவர்தான். கத்தரிக்காய் சொத்தை என்றால் அவரிடம்தான் சொல்வேன். அவரும் கன்னத்திலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொள்வார். அவரை நான் 'அவர்' என்றுதான் சொல்வேன். "அவர் மேல தூசி படிஞ்சிருக்கு" என்றால் என் கணவர் தோளைத் தட்டிக்கொள்வார்.

ஒரு நவராத்திரியில் லோஹேகாவிலிருந்து ஒரு மாமி வந்தாள். அவள் வீட்டுக்காரர் விமானப்படையில் இருந்தார். சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே படியைப் பார்த்தவள், "ஏன் மாமி, எல்லாரும் ஜோடியும் கூட்டமுமா இருக்கா, இவர் மட்டும் ஏன் ஒண்டியா நிக்கறார்?" என்று கேட்டாள்.

அன்றைக்கு ராத்திரி மாமியாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஏண்டி, அவள் சொல்றது வாஸ்தவம்தானே? மரப்பாச்சியைக் கூட ஜோடியாத்தானே வெக்கறோம். வயசு வந்த ஆம்பளையைத் தனியா நிறுத்தி வெச்சிருக்கோமே."

"அந்த ரெண்டு கிழவர்கள் இருக்காளேம்மா?"

"அவாளுக்குப் பேச்சுத் துணை இருக்கு."

"வழுக்கைத் தலையர்?"

"அவர் சன்னியாசி. பார்த்தாலே தெரியலை? இதோ பார், அடுத்த கொலுவுக்குள்ள இவனுக்கு ஒருத்தி வரணும். இல்லேன்னா இவன் இந்தாத்துல இருக்கப்படாது. பழைய பேப்பர்காரன்ட்ட போட்டுடு."

என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமியார் சொன்னால் செய்துவிடுவார். எங்கள் வீட்டு ரேடியோவை அப்படித்தான் போட்டார்.

அடுத்த வருஷம் முழுக்க ஞாயிறு தவறாமல் பெட்டியைக் குடைந்தோம். பெண்களே கிடைக்கவில்லை. கேம்ப் என்கிற கண்டோன்மெண்ட் பக்கத்து ஓட்டல்காரர்களும் பங்களாக்காரர்களும் பெண் படங்களை வந்தவுடனே வாங்கிப் போய்விடுவார்களாம். தாடியும் மீசையும்தான் தங்கும். கிடைத்த ஒன்றிரண்டிலும் ஒருத்தி உள்ளங்கையளவு, இன்னொருத்தி கதவளவு. கிருதாக்காரர் பக்கத்தில் வைத்தால் ஒன்று குழந்தை, இல்லாவிட்டால் ராட்சசி.

ஆவணி முடிகிற சமயம் கடிகாரக் கிழவரே சொன்னார். "உங்கள் கிருதாக்காரர் அளவிலேயே, அதே கை வேலையில் ஒரு பெண் படம் இருந்தது. ஔந்த் பக்கம் குடியிருக்கும் புரொபசர் ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவர், வீடு பூரா இதே பைத்தியம்."

என் கணவர் வந்து மாமியாரிடம் சொல்லி, "போய்க் கேட்டுப் பார்க்கலாமா?" என்றார். மாமியார் எழுந்து பஞ்சாங்கத்தை எடுத்தார்.

அவரைப் பொறுத்தவரை அது பெண் பார்க்கப் போவதுதான். செவ்வாய் கூடாது, ராகுகாலம் கூடாது. தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மல்லிகைச் சரம். பெண் வீட்டுக்குப் போகிறபோது பையன் கூட இருக்க வேண்டாமா என்று கிருதாக்காரரையும் ஜரிகை வேஷ்டியில் சுற்றி எடுத்துக்கொண்டோம். என் கணவர், "மானம் போறதும்மா" என்று முனகிக்கொண்டே வந்தார்.

பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைக் காட்டி லக்கேஜ் டிக்கெட் கேட்டார். மாமியார் விடவில்லை. "மனுஷாளுக்கு எதுக்குடா லக்கேஜ்? மடியில வெச்சுண்டிருக்கேன்" என்று தமிழில் ஒரு போடு போட்டார். என்ன புரிந்துகொண்டாரோ, கண்டக்டர் போய்விட்டார்.

புரொபசர் ஒல்லியாக, கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டிருந்தார். "யா, யா, பஸா" என்று உள்ளே அழைத்து உட்காரச் சொன்னார். அவர் மனைவி எங்களைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். உடனே உள்ளே ஓடினார். கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு தட்டு அவல் உப்புமா வந்தது. வெங்காயம் போட்டு, மேலே தேங்காய்ப்பூ தூவி. மராத்திக்காரர்கள் வீட்டில் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் தாழ்ந்த குரலில், "முல்கா குடே ஆஹே?" என்று கேட்டார். பையன் எங்கே என்று அர்த்தம். எனக்கு அது புரிந்தது, அவலை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவரே தொடர்ந்து, "ஆனால் எங்கள் வீட்டில் பெண்ணே இல்லையே. இரண்டும் பிள்ளைகள், இரண்டும் பம்பாயில்" என்று மராத்தியில் கவலைப்பட்டார்.

மாமியார் அந்த நேரம் பார்த்து வேஷ்டியைப் பிரித்தார்.

அந்த அம்மாள் பையனைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சிரிப்புச் சத்தம் அடுக்களையிலிருந்து வந்தது.

புரொபசர் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். கிருதாக்காரரைச் சட்டத்தோடு ஜன்னலுக்குத் தூக்கிப் போனார். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார். நான் எங்கள் வீட்டில் செய்த அதே பிரதட்சிணத்தை அவரும் செய்தார். "எத்தனை வருஷமாகத் தேடுகிறேன்!" என்று என் கணவரிடம் இங்கிலீஷில் சொன்னாராம்.

"அதெல்லாம் இருக்கட்டும், பொண்ணைக் காட்டச் சொல்லுடா" என்றார் மாமியார்.

பெரிய அட்டைக்குள்ளிருந்து அவளை எடுத்து மேஜையில் வைத்தார். லேஸ் தொப்பி, தொப்பிக்குக் கீழே சுருள் சுருளாக முடி, மடியில் புத்தகம். எல்லாம் அதே மயிரிழைக் கோடு. கிருதாக்காரர் உட்கார்ந்திருந்தது மாதிரியே ஒரு நாற்காலி. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கிருதாக்காரர் பிழைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"பேஷ்! மூக்கைப் பாருடி, ரெண்டு பேருக்கும் ஒரே அச்சு. ஜாடை ஒத்துப்போறது" என்றார் மாமியார், மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டே.

என் கணவர் இதை இங்கிலீஷில் சொன்னார். புரொபசர் பதில் சொன்னார். என் கணவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என்னடா சொல்றார்?"

"ஜாடை ஒத்துத்தான் போகும்கிறார்."

"ஏனாம்?"

"இவள் அவரோட தங்கையாம்."

"சிவசிவா!" மாமியார் பூச்சரத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நல்லவேளை, தாம்பூலம் மாத்திக்கலை!"

புரொபசருக்கு எங்கள் கஷ்டம் புரியவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கட்டும், கிருதாக்காரரை எனக்குக் கொடுத்துவிடுங்கள், பதிலுக்கு என் பெட்டியில் இருக்கிற எந்த மூன்று பேரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மாமியார் யோசிக்கவே இல்லை. "கொடுத்துடுடா. கல்யாணமும் ஆகாது, ஆத்துலயும் வெக்கப்படாது. இங்கயாவது கூடப் பிறந்தவளோட இருக்கட்டும்." என் கணவருக்கும் அது நியாயமாகப் பட்டது போலிருக்கிறது. நான் அவர் சட்டைக் கையை இழுத்தேன். அவருக்கு உறைக்கவில்லை. மறுபடியும் இழுத்தேன். "இரு, இரு" என்றார். புரொபசர் படத்தின் பின்பக்கத்துக் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

அப்போது என் வாயிலிருந்து மராத்தி வந்தது. எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"பாவுபீஜேலா யேயீல்" என்றேன். பாவுபீஜுக்கு வருவார்.

கீழ்வீட்டில் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். தீபாவளி கழிந்து வருகிற பாவுபீஜ் அன்று அண்ணன் தம்பிகள் சகோதரி வீட்டுக்கு வருவார்கள். அவள் ஆரத்தி எடுப்பாள், சாப்பாடு போடுவாள். சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதை நினைத்துக்கொண்டு, இருக்கிற மராத்தியை எல்லாம் திரட்டி, "அண்ணன் வருவார், சாப்பிடுவார், போய்விடுவார். தங்கை வீட்டிலேயே தங்குவது அழகில்லை" என்று சொல்லி முடித்தேன். தட்டில் இருந்த அவலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பரோபர்!" என்றது அடுக்களை வாசல். சரியாகச் சொன்னாள் என்று அந்த அம்மாள் எனக்குப் பரிந்து வந்தார். புரொபசர் பக்கம் திரும்பி, "அஹோ, உங்கள் தங்கை வீட்டில் நீங்கள் எத்தனை நாள் தங்குவீர்கள்?" என்று கேட்டார். புரொபசர் கொக்கியிலிருந்து கையை எடுத்தார்.

பிறகு இரண்டு அம்மாக்களும் சேர்ந்து ஏற்பாட்டை முடித்தார்கள். ஒருவர் தமிழ், ஒருவர் மராத்தி, நடுவில் கை ஜாடை. தீபாவளிக்கு அண்ணன் ஔந்துக்கு வருவது. நவராத்திரிக்குத் தங்கை கிர்க்கிக்குப் பிறந்தகம் வருவது. "அதெல்லாம் சரி, இவனுக்குப் பெண்டாட்டி?" என்று மாமியார் ஆரம்பித்த இடத்துக்கே வந்தார். அந்த அம்மாள் கணவரைக் கேட்காமலே கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை இழுத்துப் போட்டார். புரொபசர் வேண்டாமென்று ஒதுக்கின படங்களாம். அதிலிருந்து ஒருத்தியை உருவினார். தலையில் பானட் தொப்பி, மோவாய்க்குக் கீழே ரிப்பன் முடிச்சு, வலது கன்னத்தில் பழுப்புப் புள்ளி. அளவு சரியாக இருந்தது.

"இவள் யாராம்?"

"யாருன்னே தெரியாதாம்மா."

"அப்போ அப்பா, அண்ணா, தம்பி..."

"ஒருத்தர் விவரமும் தெரியாது."

"நல்ல சம்பந்தம்" என்றார் மாமியார். பூச்சரம் வெளியே வந்தது.

அந்த வருஷக் கொலுவைப் பார்க்க ஆகுர்டியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். கிருதாக்காரர், பக்கத்தில் பானட்காரி, ஒரு படி கீழே லேஸ் தொப்பி நாத்தனார். நாத்தனாரை ஏன் கீழே வைத்தேன் என்று மாமியார் சண்டை போட்டார். மேலே வைத்தால் புதுப்பெண்ணை அதிகாரம் பண்ணுவாள் என்றேன். மாமியார் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்று போய்விட்டார். விஜயதசமி ஆனதும் நாத்தனாருக்கு மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்து அனுப்பினோம். பாவுபீஜ் அன்று என் கணவர் கிருதாக்காரரை ஔந்துக்குக் கூட்டிப் போவார். சாயங்காலம் கண்ணாடியில் குங்குமமும் அட்சதையுமாக, ஒரு டப்பா லாடோடு இருவரும் திரும்புவார்கள். லாடு எண்ணிக்கை வழியில் குறைந்திருக்கும். கேட்டால், "அவர் சாப்பிட்டார்" என்பார் என் கணவர்.

இப்படிப் பல வருஷம் நடந்தது. நடுவில் மாமியார் காலமானார். எண்பதுகளில் ஒரு கோடையில் புரொபசர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பம்பாய்க்குப் பிள்ளைகளோடு இருக்கக் கிளம்பினார். டெம்போவில் சாமானை ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிறுத்தினார். நாத்தனாரை அட்டையோடு என் கையில் கொடுத்து, "பிளாட் சின்னது. பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவருக்குக் குங்குமம் கொடுத்தேன்.

டெம்போவில் ஏறின பிறகு புரொபசர் என் கணவரைக் கிட்டக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். வண்டி போனதும் கேட்டேன்.

"ஒரு சந்தேகமாம். போன வாரம் ஏதோ புஸ்தகத்தைப் பார்த்தாராம். லேஸ் தொப்பி தங்கை இல்லையோன்னு தோணறதாம்."

"பின்னே?"

"சம்சாரமா இருக்கலாமாம்."

நாங்கள் இருவரும் படியேறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் சுவரைப் பார்த்தோம். கிருதாக்காரர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நம் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் ஏன் அப்படிப் பார்த்தார் என்று அன்றைக்குத்தான் புரிகிற மாதிரி இருந்தது.

மூன்று பேரும் இப்போதும் என் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறார்கள். அவர் பெயரைப் புரொபசர் முதல் நாளே சொன்னார், எனக்கு மறந்துவிட்டது. என் கணவர் இருந்தால் சொல்லியிருப்பார். இங்கிலீஷ் படித்தவர்கள், பழைய கவிஞர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். கிருதா தாடை வரைக்கும், வலது கை கன்னத்தில், அல்லது அது இடது கையோ, அதையும் சரிபார்க்க வேண்டும். அவருக்குத் தங்கை உண்டா, இருந்தால் லேஸ் தொப்பி போடுவாளா? தங்கைதான் என்றால் எனக்கு நிம்மதி. சம்சாரம் என்றால் நவராத்திரிக்குள் தெரியப்படுத்துங்கள். படத்தை மாற்றி மாட்ட வேண்டும், பானட்காரியிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.